பிபி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களா? முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை

பல் பிடுங்கப் போன இடத்தில்தான் எனக்கு முதன்முதலாக பிபி பார்த்தார்கள். 168/102. நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார், நான் மெஷினைப் பார்த்தேன். பல் வலி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றியிருந்தார்கள். நடுவில் என்ன வயது, என்ன மாத்திரை என்ற கேள்விகளுக்கு நான் பதில் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். பல்லைப் பிடுங்காமலே அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் பிபி ஒரு நிலைக்கு வரப் பதினோரு மாதம் ஆயிற்று. நியாயமாக மூன்று மாத வேலை. மிச்ச எட்டு மாதம் தப்பாக அளந்ததிலும், நானாக மாத்திரையை நிறுத்தியதிலும் போனது. நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும் முன்னும் போய்வந்த பின்னும் நம் கையில் இருக்கும் வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மெஷின் 180/120 அல்லது அதற்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிக்கு 140/90ஐத் தொட்டு, கடும் தலைவலியோ கண்ணில் பூச்சி பறப்பதோ மேல்வயிற்று வலியோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண் மட்டும் 180 என்றால், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையானால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். யாரோ சொன்னார்கள் என்று பிபியை வேகமாக இறக்கும் நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். அழுத்தம் தடாலென்று விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போவது குறைந்து, இருப்பதைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும்.

1. ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுகட்டாதீர்கள்

மேலே இருக்கும் எண் சிஸ்டாலிக். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம். கீழே இருப்பது டயஸ்டாலிக், இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் உள்ள அழுத்தம். இரண்டும் பாதரச மில்லிமீட்டர் கணக்கு. இரண்டில் எது எல்லையைத் தாண்டினாலும் கணக்கில் சேரும்.

ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் வெவ்வேறு நாட்களில் அளந்து சராசரி பார்த்துத்தான் பிபி என்று உறுதிசெய்ய வேண்டும். கிளினிக்கில் அளந்தால் 140/90 என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டியும் சொல்லும் எல்லை. 2017இல் வந்த அமெரிக்க வழிகாட்டி அதை 130/80 என்று இறக்கிவிட்டது. ஒரே ஆளை ஒரு டாக்டர் "பிபி இருக்கிறது" என்றும் இன்னொருவர் "பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் எடுக்கும் சராசரிக்கு எல்லை 135/85.

பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "எனக்குத் தலை சுற்றவில்லை, பின்கழுத்து வலிக்கவில்லை, அதனால் பிபி இருக்காது" என்பது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. எனக்கு 168 இருந்த அன்று வலித்தது பல் மட்டும்தான்.

2. மெஷின் வாங்கும் முன் கையை அளந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாததால் எனக்குப் போனது இரண்டு மாதம். தோள்பட்டை எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில், தையல்காரர் வைத்திருக்கும் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். எனக்கு 35 சென்டிமீட்டர். நான் வாங்கிய மெஷினோடு வந்த பட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 22–32 என்று அச்சடித்திருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. பட்டை எப்படியோ ஒட்டிக்கொண்டது, காற்று ஏறும்போது பிரிந்துவிடுமோ என்று மறு கையால் பிடித்துக்கொள்வேன். எண்கள் 155, 158 என்று வந்தன. பெரிய பட்டை மாற்றியபின் அதே கை, அதே நேரம், 146, 148. கைக்குச் சின்னதாக இருக்கும் பட்டை கூட்டிக் காட்டும், பெரியதாக இருக்கும் பட்டை குறைத்துக் காட்டும். இல்லாத பத்து புள்ளிக்கு மருந்து சாப்பிட இருந்தேன்.

மேற்கையில் கட்டும் தானியங்கி மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டுவது கை இருக்கும் உயரத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றும், வேறு வழியில்லாதவர்களுக்குத்தான் அது. பட்டையே இல்லாமல் கைக்கடிகாரமும் மோதிரமும் காட்டும் எண்ணை வைத்து நோயையோ மருந்தையோ முடிவுசெய்யக் கூடாது. துல்லியம் சோதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலை ஸ்ட்ரைட் பிபி என்ற அமைப்பு இணையத்தில் வெளியிடுகிறது. வாங்கும் முன் மாடல் எண்ணை அதில் தேடிப் பாருங்கள். மெஷினுக்கு ஒருமுறைதான் செலவு. அதைச் சரியான பட்டைக்கும் சோதிக்கப்பட்ட மாடலுக்கும் செய்யுங்கள். போனோடு இணையும் வசதிக்காகக் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்பது என் எண்ணம்.

நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்குத் தானியங்கி மெஷின் தப்புக் காட்டலாம். துடிப்பு சீராக இல்லை என்று காட்டும் குறி மெஷினில் அடிக்கடி வந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது வேறொரு பிரச்சினையின் தடயமாகவும் இருக்கலாம்.

3. அளக்கும் முறை

அரைமணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, தேநீர், சிகரெட், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாயும்படி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சும்மா என்றால் போனும் கூடாது.

பட்டை வெறும் தோலில் சுற்ற வேண்டும். அதன் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். கையை மேசையில், இதயத்தின் உயரத்தில் கிடத்துங்கள். கை பத்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஏழெட்டு புள்ளி கூடக் காட்டும். மெஷின் ஓடும்போது பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவரும் கேள்வி கேட்கக் கூடாது. பேச்சு, நிறைந்த சிறுநீர்ப்பை, தொங்கும் கை என்று ஒவ்வொன்றும் சில புள்ளியிலிருந்து பத்து புள்ளி வரை ஏற்றும். பல் டாக்டர் நாற்காலியில் எனக்கு எல்லாம் சேர்ந்து இருந்தது.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். முதல்முறை மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே எப்போதும் அளந்துவாருங்கள். இரண்டுக்கும் நடுவே 10, 15க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

4. ஏழு நாள் நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னால் இரண்டு அளவு. மாலையில் இரண்டு அளவு. இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிடுங்கள், புது மெஷின் பதற்றத்தில் அது கூடுதலாகத்தான் இருக்கும். மிச்சம் 24 அளவு. மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி 24ஆல் வகுங்கள். எனக்கு 147/92 வந்தது.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் பத்தியும் போடுங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி:

காலை 6:40 — 149/94, 145/91 — இரவு தூக்கம் இல்லை, முதுகுவலி மாத்திரை

செய்யக் கூடாதவையும் உண்டு. ஒருநாளைக்குப் பத்து முறை பார்ப்பது, கோபம் வந்தவுடன் ஓடிப்போய் அளப்பது, 147ஐ 150 என்றோ 145 என்றோ முழுதாக்கி எழுதுவது. எல்லாவற்றையும்விடக் கெடுதல், பிடிக்காத எண் வந்தால் எழுதாமல் விட்டு நல்ல எண் வரும்வரை பட்டன் அமுக்குவது. நானும் இரண்டு நாள் அப்படிச் செய்தேன்.

கிளினிக்கில் கூடுதலாகவும் வீட்டில் சரியாகவும் இருப்பவர்கள் உண்டு. இதற்கு 'வெள்ளைக்கோட்டு பிபி' என்று பெயர். நேர்மாறாக, கிளினிக்கில் 130 காட்டி வீட்டில் 145 இருப்பவர்களும் உண்டு, அதுதான் கூடுதல் ஆபத்து. சந்தேகம் இருந்தால் 24 மணிநேரமும் இடுப்பில் கட்டிக்கொண்டு அலையும் மெஷினை டாக்டர் சொல்வார். பகலில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அதுவாக அளக்கும். அதன் முழுநாள் சராசரிக்கு எல்லை 130/80. பட்டை இறுகும்போது நடந்துகொண்டிருந்தால் நின்று, கையைத் தொங்கவிட்டு அசையாமல் இருங்கள். அன்று தளர்ந்த கைச் சட்டை போடுங்கள். குளியலை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

5. டாக்டரிடம் எடுத்துப்போக வேண்டியவை

நோட்டு. மெஷின், பட்டையோடு, அங்கே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க. பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எத்தனை வருடம் பழசானாலும். குடும்பத்தில் ஆண்கள் 55 வயதுக்கு முன்போ பெண்கள் 65க்கு முன்போ மாரடைப்பு, பக்கவாதம் கண்டிருந்தால் அந்த விவரம். குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

முக்கியமானது, வாய்வழியாக உள்ளே போகும் எல்லாவற்றின் பட்டியல். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டபோது "ஒன்றுமில்லை" என்று தயங்காமல் சொன்னேன். டாக்டர் எண்களைவிடக் குறிப்புப் பத்தியைத்தான் அதிக நேரம் பார்த்தார். பேனா முனை ஒரு வரியில் நின்றது. "இந்த முதுகுவலி மாத்திரை என்ன?" டைக்ளோஃபெனாக். வாரத்தில் நான்கு நாள், ஒரு வருடமாக. அது எனக்கு மருந்தாகவே தோன்றியதில்லை, தலைவலித் தைலம் மாதிரி.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை வலிநிவாரணிகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பிபி மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், சில கருத்தடை மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மருந்துகளும் இந்தப் பட்டியலில் வரும். மூலிகைதானே என்று அதிமதுரத்தை விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து சாப்பிட்டால் அது பொட்டாசியத்தை இறக்கி பிபியை ஏற்றும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும், மாற்று இருக்கும். எனக்கு முதுகுக்குப் பயிற்சி கொடுத்து டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினார். அதிலேயே ஆறு புள்ளி இறங்கியது.

6. பரிசோதனைகள்: எது எல்லோருக்கும், எது சிலருக்கு

எல்லோருக்கும் வேண்டியது நீளமான பட்டியல் இல்லை: சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி. தைராய்டும் பலர் சேர்த்துப் பார்ப்பார்கள். கண்ணின் விழித்திரையைப் பார்க்கச் சொன்னால் தட்டாதீர்கள், ரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் அதுதான். ரத்தம் ஒரே ஊசியில் எடுத்துவிடலாம், தனித்தனி நாளில் போய் இரண்டு தடவை செலவு செய்ய வேண்டாம். ஊசி போடும்போது கையை இறுக்கி மூடி மூடித் திறந்தால் பொட்டாசியம் இல்லாத அளவுக்குக் கூடுதலாகக் காட்டும், கையைத் தளரவிடுங்கள்.

எக்கோ என்ற இதய ஸ்கேன், சிறுநீரக ரத்தக்குழாய் ஸ்கேன், ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன் சோதனைகள் செலவு கூடியவை, காரணம் இருந்தால்தான். நாற்பது வயதுக்குள் பிபி, திடீரென்று ஏறிய பிபி, மாத்திரை இல்லாமலே பொட்டாசியம் குறைவு, மூன்று மாத்திரை போட்டும் அடங்காதது, குறட்டையோடு பகல் தூக்கம் இவை இருந்தால், "பிபிக்குப் பின்னால் வேறு நோய் இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள்.

முடிவுத்தாள்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கும் முன் இருந்த கிரியாட்டினினும் பொட்டாசியமும் பின்னால் ஒப்பிடக் கட்டாயம் தேவைப்படும்.

7. உப்பு, எடை, நடை

எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. உப்பு ஒருநாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பொட்டல உணவின் உறையில் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் கணக்கு வரும். ஒரு கிலோ எடை குறைந்தால் தோராயமாக ஒரு புள்ளி இறங்கும். வாரம் 150 நிமிடம் வேகநடை. மது குறைய வேண்டும், புகை அடியோடு போக வேண்டும்.

'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கீழே சொல்லப்போகும் 'பிரில்', 'சார்ட்டன்' மாத்திரையோ, பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோனோ சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

8. மாத்திரைச் சீட்டைப் படிப்பது

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் நோட்டில் எழுத வேண்டும். ஒரே டெல்மிசார்ட்டன் இரண்டு பெயரில் இரண்டு டாக்டரிடமிருந்து வந்து, இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

எனாலாப்ரில், ராமிப்ரில் என்று 'பிரில்'லில் முடிபவை ஒரு வகை. சிலருக்கு வறட்டு இருமல் தரும். இருமலுக்கு மருந்து வாங்கிக் குடிக்காமல், மாத்திரையை மாற்றச் சொல்லுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசரம். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்றவை அடுத்த வகை. இருமல் அரிது. இந்த இரண்டு வகையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, கர்ப்பத்தில் இரண்டுமே கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தொடங்கி இரண்டு வாரம் போல ஆனதும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும், டாக்டர் மறந்தால் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

அம்லோடிபின் கணுக்கால் வீக்கம் தரலாம், மாலையில் செருப்பு இறுகுவதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டாபமைடு ஆகியவை நீர் பிரிக்கும் மாத்திரைகள். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கும், யூரிக் அமிலத்தை ஏற்றும். இவற்றைக் காலையில் போட்டுக்கொண்டால் இரவில் எழ வேண்டியிருக்காது. மெட்டோபிரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரையும் குளோனிடினையும் ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதீர்கள், பிபி எகிறும்.

இரண்டாவது மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று கலங்காதீர்கள். ஒரே மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகையில் சிறு அளவைச் சேர்ப்பது அழுத்தத்தை அதிகம் இறக்கும், பக்கவிளைவும் குறைவு. இரண்டும் ஒரே மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், மறப்பது குறையும். மாதாமாதம் வரும் செலவு இது என்பதால், அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாத ஜெனரிக்காகக் கிடைக்குமா என்பதையும் கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

காலையா, இரவா? பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2022இல் வெளிவந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காத நேரம் எதுவோ அதுதான் நேரம். ஒருவேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

9. மூன்று மாதக் கால அட்டவணை, நான் விழுந்த இடம்

மாத்திரை முழு வேலையைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாள் எண்ணைப் பார்த்து "கேட்கவில்லை" என்று டாக்டரை மாற்றாதீர்கள். மாதம் ஒருமுறை, போவதற்கு முந்தைய ஒரு வாரத்தின் நோட்டோடு போங்கள். முதல் இலக்கு 140/90க்குக் கீழே, உடல் தாங்கினால் பெரும்பாலானோருக்கு 130/80க்குக் கீழே. மூன்று மாதத்துக்குள் இதை எட்டிவிட வேண்டும். வயதானவர்களுக்கு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 விழுந்தால் தடுக்கி விழும் ஆபத்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு இரண்டாம் மாதமே 126/80 வந்துவிட்டது. சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று அம்லோடிபினை நிறுத்தினேன். முதல் நான்கைந்து நாள் 128, 130. "பார்த்தாயா, தேவையே இல்லை" என்று வீட்டில் பெருமை அடித்தேன். அந்த மருந்து உடலைவிட்டுப் போகவே பல நாள் ஆகும் என்பது அப்போது தெரியாது. நான் பார்த்தது மிச்ச மருந்தின் எண். மூன்றாம் வாரம் 156. அதையும் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு நான்கு மாதம் இழுத்தேன், கடைசியில் போனபோது அவர் திட்டக்கூட இல்லை. எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு மாத்திரையைக் குறைக்க முடியும். அதை டாக்டர் படிப்படியாகக் குறைத்து, வாராவாரம் அளந்து பார்த்துச் செய்வார்.

10. நிலைக்கு வந்த பிறகு

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் வற்றும் நாட்களில் 'பிரில்', 'சார்ட்டன்', நீர் பிரிக்கும் மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். அந்த நாட்களில் என்ன செய்வது என்பதை இப்போதே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அறுவை சிகிச்சை எதுவானாலும் மாத்திரைப் பட்டியலை மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள், பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடமும். கையிருப்பு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். வருடம் ஒருமுறை சிறுநீர், கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை. அதே நாளில் வீட்டு மெஷினையும் கிளினிக்குக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டு, பட்டையின் ஒட்டும் நாடா தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.